காற்புள்ளிகள்

பனி உருகிய வாரம்
வெர்மாண்ட் மேட்டில் எங்கள் நிலம் வழக்கம்போல் கல்லைக் கக்கியது.
ஆரின் வாடகைக்கு எடுத்துவந்த உலோகங்காணி
கல்லுக்கு வாய் திறக்கவில்லை.
இரும்புக்கு மட்டும் பூனைக்குட்டிபோல் கத்தியது.
கத்திய இடத்திலெல்லாம் நான் ஆரஞ்சுக் கொடி நட்டேன்,
குழாய் பதிப்பவர்கள் நடுவார்களே, அந்தச் சின்னக் கொடி.

என் தம்பிக்கு ஒரு போர் வேண்டும்.
வளைந்த தகடு கிடைத்ததும் வாள்முனை என்றான்.
புல்லறுக்கும் அரிவாள்.
பீரங்கிக் குண்டு என்றான்.
கேட் தானாகச் சாத்திக்கொள்ளச்
சங்கிலியில் தொங்கவிடும் எடைக்குண்டு.
பதக்கம் என்றான்.
விளக்குத் திரியை ஏற்றி இறக்கும் திருகு.

பிறகு இவை.
என் உள்ளங்கை நீளம்.
ஒரு முனை தடித்து, மறுமுனை வளைந்து ஒடுங்கி,
விளிம்போரம் ஐந்து துளை.
பதினொன்று.
வினிகரில் ஊறவைத்துத் தேய்த்து
செய்தித்தாளில் பரப்பினோம்.
யாரோ ஒரு பக்கம் நிறைய எழுதி
சொற்களை மட்டும் பொறுக்கிக்கொண்டு போனதுபோல்
காற்புள்ளிகள் கிடந்தன.

ஊர் வரலாற்றுச் சங்கத்தில் ஏவிஸ்
பூதக்கண்ணாடியைத் தொடக்கூட இல்லை.
"மாட்டு லாடம். பாதி லாடம்.
குளம்பு பிளந்ததல்லவா, காலுக்கு இரண்டு.
குதிரைபோல் மூன்று காலில் நிற்காது மாடு.
வாரில் தூக்கித் தொங்கவிட்டுத்தான் அடிப்பார்கள்."
இரண்டு விரலைப் பிரித்துக் காட்டினாள்.
"எல்லாம் ஒரே குழியிலா?"
"இல்லை, வரிசையாக" என்றான் ஆரின்.
கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தாள்.
"மேய்கிற மாட்டுக்கு யாரும் லாடம் கட்டுவதில்லை.
பாரம் இழுத்துப் போகிற வழியில் கழன்று விழும்."

வழி.

வண்டியில் திரும்பும்போது
நாங்கள் இருவரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.

எங்கள் சரிவுக்குக் கீழே ஒவிலா டெரோஷேயின் பண்ணை.
அவருடைய பால் வண்டி எங்கள் ஓரமாக ஏறிப்போகும்.
எண்பத்தேழில் அப்பா குறுக்கே சங்கிலி போட்டார்.
வழக்கு நடந்தது.
"அந்தச் சரிவில் என்றைக்குமே பாதை இருந்ததில்லை"
என்று பைபிளில் கைவைத்துச் சொன்னார்.
இரண்டாம் பெஞ்சில் பத்தொன்பது வயதில் நான்
யாரும் கேட்காமலே தலையாட்டினேன்.
ஜெயித்தோம்.
அன்றிலிருந்து ஒவிலா நான்கு மைல் சுற்றிப் போகிறார்.
அவர் வைக்கோல் கொட்டகை பற்றிய ஜனவரி இரவில்
தீயணைப்பு வண்டியும் நான்கு மைல் சுற்றித்தான் போனது.

"அப்பாவுக்குத் தெரிந்திருக்காது" என்றான் ஆரின்
கெட்டிலிடம்.

நேற்று சங்கிலியருகே போய் நின்றேன்.
அதை மாட்டும் கொக்கியை
மேப்பிள் மரத்தில் அப்பாதான் அடித்தார்.
பட்டை வளர்ந்து பாதியை விழுங்கியிருந்தது.
மீதிப் பாதியில் துரு.
துருவை நகத்தால் சுரண்டினேன்.
என் உள்ளங்கை நீளம்.
விளிம்போரம் துளைகள்.

பன்னிரண்டாவதை ஆரினிடம் இன்னும் சொல்லவில்லை.

கொடிகளைப் பிடுங்கிவிடலாம் என்கிறான் அவன்.
யாருக்கு என்ன தெரியப்போகிறது.
இரும்பைப் பெயின்ட் டப்பாவில் போட்டு மூடினால்
அது மறுபடி வெறும் இரும்பு.
அவன் சொல்வது நியாயமாகக்கூடப் படுகிறது
சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கும்வரை.

விடியுமுன் போனேன்.
சங்கிலியிலிருந்து கீழே
எரிந்த கொட்டகையின் கல் அஸ்திவாரம்வரை
கோல் வைத்துக் கோடிழுத்ததுபோல் பதினோரு கொடி.
நட்டவள் நான்தான்;
நடும்போது நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

கீழே சமையலறையில் விளக்கெரிந்தது.
ஜன்னலில் ஒவிலா, எண்பத்தொரு வயது,
ஒரு கையில் காபிக் கோப்பை.
மறுகை விரல் கண்ணாடியில் ஒவ்வொன்றாகத் தொட்டு நகர்ந்தது.
எண்ணுகிறார்.

முதல் கொடியைப் பிடுங்கினேன்.
காற்றில் அது கையைவிட்டுப் போகத் துடித்தது.
அதே துளையில் செருகினேன்,
அடுத்த கொடிவரை நடந்தேன்,
அதற்கடுத்ததுவரை,
சேறு பூட்ஸை இழுக்க இழுக்க,
கீழே,